நிறைமாதக் குதிரை திடீரென்று கடிக்க வருகிறதே, ஏன்?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. அந்தியூர் சந்தையில் வாங்கிய பெண் குதிரை ஒன்றை வளர்க்கிறோம். போன பிப்ரவரி நடுவில் இணை சேர்த்தோம், இதுதான் முதல் சினை. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் சும்மா நிற்கும் குதிரை. நான்கு நாளாகக் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்க வருகிறது. கூட நிற்கும் மட்டக்குதிரையைத் துரத்துகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, ராத்திரியில் சுவரை உதைக்கிறது. நேற்றிலிருந்து காம்பு நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கண் பட்டுவிட்டது என்கிறார்கள் பக்கத்துக்காரர்கள். இஞ்சியும் பெருங்காயமும் கரைத்து ஊற்றலாம் என்கிறார் மாமனார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் தேதியிலேயே பாதி விடை இருக்கிறது. குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320-லிருந்து 365 நாள் வரை போவதும் இயல்புதான். குளிர்காலத்தில் ஈனும் குதிரைகள் கொஞ்சம் தள்ளியே ஈனும். காம்பு நுனியில் இருப்பது சீம்பால் கசிந்து உறைந்தது. அது தென்பட்டால் பெரும்பாலும் 1 முதல் 4 நாளுக்குள் குட்டி வந்துவிடும். அதனால் கண்ணும் படவில்லை, பித்தும் பிடிக்கவில்லை. உங்கள் குதிரைக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது.

ஏன் இந்தக் கோபம்? இந்த நாட்களில் உடலில் ஹார்மோன்கள் தலைகீழாக மாறுகின்றன. வால் அடித்தசை தளர்கிறது, மடி இறுகி வலிக்கிறது. முதல் சினை என்பதால் இது எதுவும் அதற்குப் பழக்கமில்லை. ஈனும் குதிரை மந்தையை விட்டு ஒதுங்கி, இருட்டில், சத்தமில்லாத இடத்தைத் தேடும். கட்டிவைத்த குதிரை ஒதுங்கிப் போக முடியாது, அதனால் மற்றவர்களை விரட்டுகிறது. சில குதிரைகள் நேர்மாறாக ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். இரண்டுமே இயல்பு. பிள்ளைகளை லாயத்துப் பக்கம் விடாதீர்கள், மட்டக்குதிரையை வேறிடத்தில் கட்டுங்கள், நிறைமாதக் குதிரையைக் கயிறில்லாமல் அகலமான அறையில் காய்ந்த வைக்கோல் பரப்பி விடுங்கள். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

சாதுவான விலங்கு திடீரென்று கடித்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, கடந்த சில மாதங்களில் நாயோ நரியோ கடித்ததா என்பதுதான். எச்சில் ஒழுகுவது, தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுவது, பின்னங்கால் தள்ளாடுவது, தன் உடம்பையே கடித்துக் குதறுவது, இதில் ஒன்று இருந்தாலும் வெறிநோயாக இருக்கலாம். வாய்க்குள் கை விடாமல், யாரும் கிட்டே போகாமல், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த சந்தேகம் வயிற்றுவலி. இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறார்கள், ஏனென்றால் பிரசவத்தின் முதல் கட்டமும் வயிற்றுவலியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் குதிரை வியர்க்கும், காலை உதைக்கும், படுத்துப் படுத்து எழும். லத்தியைப் பாருங்கள். பிரசவம் நெருங்கிய குதிரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி லத்தி போடும், நடுவில் வாய் நிறையப் புல்லும் கடித்துக்கொள்ளும். குடல் கோளாறில் லத்தி நின்றுவிடும், தீவனத்தை மோந்துகூடப் பார்க்காது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்தால் நல்லது; கருஞ்சிவப்பாகவோ வெளிறியோ இருந்தால் ஆபத்து. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டும். அது அமைதியாக நிற்கும்போதும் நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டியே இருந்தால் காத்திருக்க வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கத் தீவனம் தொடாத நிறைமாதக் குதிரையைக் காட்டியே ஆக வேண்டும். அதிலும் மட்டக்குதிரை இனங்களில் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

மாமனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். தலையைத் தூக்கிப்பிடித்து ஊற்றுகிற கஷாயம் நுரையீரலுக்குள் போய்விட்டால் அப்புறம் காப்பாற்றுவது கடினம். சீக்கிரம் ஈனட்டும் என்று ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் நீங்கள் இருக்கும் இடம். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்த பிறகு 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பசு மாடு போல மணிக்கணக்கில் நேரம் கொடுக்காது குதிரை. அந்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் படுத்து எழுந்து புரளும். வயிற்றுக்குள் மல்லாந்த நிலையில் இருந்த குட்டி, குப்புறத் திரும்பி முன்னங்காலை நீட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். சும்மா இருக்கச் சொல்லி இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆள் கூடினால் குதிரை பிரசவத்தைத் தள்ளிப்போட்டுவிடும். ஒருவர் மட்டும் மங்கின வெளிச்சத்தில் தள்ளி நின்று பாருங்கள். நீர் கொட்டியதும் மணி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெண்மையான சவ்வுப் பை தெரியும். அதற்குள் இரண்டு முன்னங்கால், ஒன்று சற்று முன்னால், குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்தபடி, அதன் மேலே மூக்கு. இப்படி வந்தால் கையே வைக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் இந்தப் பை வராவிட்டாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ, குளம்பு வானத்தைப் பார்த்திருந்தாலோ மருத்துவரைப் போனில் பிடித்து, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பாக, சொரசொரப்பான பை முதலில் வந்தால் மட்டும் யாரையும் கேட்க நேரமில்லை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை. சுத்தமான கத்தரிக்கோலால் அந்தப் பையை வெட்டித் திறந்து, குதிரை முக்கும்போதெல்லாம் குட்டியின் கால்களைக் கீழ்நோக்கி இழுங்கள்.

குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சத்து வயிற்றுக்குள் குட்டிக்குப் போய்ச் சேராது, எல்லாம் சீம்பாலில்தான். ஈனுவதற்கு முன்பே பால் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் அது வீணாகிறது என்று அர்த்தம், முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஈற்றுக் குதிரை மடி கூசிக் குட்டியை உதைக்கலாம், கடிக்கவும் வரலாம். பழகிய ஆள் ஒருவர் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் குட்டியைக் காம்புக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சில முறையிலேயே சரியாகிவிடும். தை மாதப் பனியில் குட்டி நனைந்தே கிடக்கக் கூடாது, காய்ந்த சாக்கால் துடைத்துவிடுங்கள்.

இன்றைக்கே உங்கள் கால்நடை மருத்துவரிடம் பேசி இரவு எண்ணை வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும், தலைவாசல், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் நிறைமாதக் குதிரையை ராத்திரியில் வண்டியில் ஏற்றி மலையிறக்குவதை மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். நஞ்சுக்கொடி தொங்கினால் இழுக்காதீர்கள், மிதிபடாமல் முடிச்சுப் போட்டுவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் விழாவிட்டால் அதுவும் அவசரம்தான், குளம்பு நோய் வரைக்கும் கொண்டுபோய்விடும். விழுந்தபின் உடனே புதைத்துவிடாமல் வாளியில் போட்டு மூடி வையுங்கள். முழுசாக வந்திருக்கிறதா என்று மருத்துவர் விரித்துப் பார்க்க வேண்டும்.