மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்ட்டாவின் மக்கள் அரபியரா, இத்தாலியரா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பேசும் மொழியை வைத்து வம்சாவளியைக் கணிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மால்ட்டா மொழியின் எலும்புக்கூடு அரபு. 870-ல் தீவு அரபியர் கைக்கு வந்தது. பக்கத்து இத்தாலியத் தீவான சிசிலியில் பேசப்பட்ட அரபு வட்டாரப் பேச்சே இதன் தாய். 1091-ல் நார்மன்கள் (வட பிரான்சிலிருந்து வந்து சிசிலியைப் பிடித்தவர்கள்) வந்தபின் எழுத்து வழக்கு அரபுடனான தொடர்பு மெல்ல அறுந்தது, சிசிலியச் சொற்கள் குவிந்தன. இன்று சொற்களில் ஏறத்தாழ பாதி சிசிலிய, இத்தாலிய வழி வந்தவை.

கலப்பு சொற்களோடு நிற்கவில்லை. அறைக்கு 'கம்ரா', இது சிசிலியச் சொல். பன்மையோ 'க்மாமர்': அரபு முறைப்படி சொல்லுக்குள் இருக்கும் உயிரொலிகளே மாறிவிடுகின்றன! வண்டி நிறுத்துவதைச் சொல்லும் ஆங்கில 'பார்க்' இத்தாலிய வால் ஒட்டி 'இப்பார்க்யா' ஆகி, அரபு வினைபோலத் திரிகிறது.

மதத்திலும் இப்படித்தான். பெரும்பான்மையோர் கத்தோலிக்கர், ஆனால் கடவுள் 'அல்லா', தவக்காலம் 'ரன்டான்' (ரமலானின் திரிபு). எழுதுவது லத்தீன் எழுத்தில்.

மரபணுவில் அவர்கள் சிசிலி, தென் இத்தாலி மக்களுக்கே நெருக்கமானவர்கள். பிற்காலத்தில் அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். வந்தவர்கள் தீவின் பேச்சையே எடுத்துக்கொண்டார்கள்.