பூஞ்சை இழையின் செல்கள் ஒன்றோடொன்று உள்ள தொடர்பை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

சோயா சாஸ் தயாரிக்க ஜப்பானியர் பயன்படுத்தும் கோஜிப் பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செல்களுக்கு இடையிலான குறுக்குச் சுவர்களில் வடையில் இருப்பதுபோல நடுவில் ஒரு துளை. செல்சாறு அதன் வழியே தாராளமாக ஓடுகிறது. ஒரு செல் கிழிந்தால் அனைத்தும் வடிந்துவிடுமே என்று தோன்றும்.

வடியாது. அகார் எனும் கூழ் ஊற்றிய தட்டில் வளர்ந்த பூஞ்சைமீது வெறும் நீரை ஊற்றினால் பல இழை நுனிகள் வெடிக்கின்றன. உடனே, துளையருகே காத்திருக்கும் வொரோனின் உறுப்பு தக்கையாகச் சென்று அடைத்துக்கொள்கிறது. ஹெக்ஸ்1 என்ற புரதம் படிகமாக இறுகி அமைந்த உருண்டை அது. பின்னால் உள்ள செல் பிழைக்கிறது. அடைத்த இடத்திலிருந்தே புது நுனி முளைக்கிறது! எனக்கு இதுதான் பெரும் வியப்பு.

காயமே இல்லாதபோதும் கடுங்குளிர், வெப்பம், அமிலம், பட்டினி வந்தால் ஏஓஎஸ்ஓ என்ற மற்றொரு புரதம் துளையில் வந்து குவிகிறது.