கான்ஜாயின்ட்ல ஆர் 1.000 வந்தா நம்பலாமா?

கேள்வி: செல்போன் வாங்குறவங்க எதைப் பார்த்து முடிவு பண்றாங்கன்னு ப்ராஜெக்ட்டுக்காக எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல கான்ஜாயின்ட் அனாலிசிஸ் (பல அம்சம் சேர்ந்த மாதிரிகளுக்கு மார்க் வாங்கி, எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு பிரிச்சுப் பார்க்கிறது) பண்ணேன் சார். பிராண்ட், விலை, பேட்டரி, கேமரா, ஒவ்வொன்னுக்கும் 3 லெவல், எல்லாமே டிஸ்க்ரீட் (ஒவ்வொரு லெவலுக்கும் தனித்தனி மதிப்பு). எந்தெந்த காம்பினேஷனைக் காட்டணும்னு தேர்ந்தெடுக்கிற ஆர்த்தோப்ளான் கட்டளை 9 கார்டு கொடுத்துச்சு, ஒரு கார்டுன்னா ஒரு காம்பினேஷன். ரிசல்ட்ல பியர்சன் ஆர் (மாடல் சொல்றதும் நிஜ மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற எண், 1தான் உச்சம்) 1.000, விலையோட முக்கியத்துவம் 52%. மாடல் பக்கா, விலைதான் முதலிடம்னு எழுதிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. அந்த 1.000 மாடல் நல்லா இருக்குன்னு சொல்லல, சோதிச்சுப் பார்க்கவே இடமில்லன்னுதான் சொல்லுது. 3 லெவல் இருந்தா ஒரு ஃபேக்டருக்கு (பிராண்ட், விலை மாதிரி ஒரு அம்சத்துக்கு) 2 எஸ்டிமேட், அதாவது மாடல் கண்டுபிடிக்க வேண்டிய 2 எண், நாலு ஃபேக்டருக்கு 8, கான்ஸ்டன்ட்டையும் சேர்த்தா 9, கையில இருக்கிற கார்டும் 9தான், அதனால பதில் சொன்னவங்க கண்ணை மூடிட்டு மார்க் போட்டிருந்தாலும் இதே 1.000தான் வந்திருக்கும். மொத்தம் 81 காம்பினேஷனை 9ஆ சுருக்கினதுக்கு நாம கொடுக்கிற விலை இது. விலைக்கு மட்டும் லீனியர் லெஸ்னு (விலை ஏற ஏற விருப்பம் நேர்கோட்டுல குறையும்னு) கொடுத்தா ஒரு எஸ்டிமேட் குறைஞ்சு, சோதிக்க ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் மிஞ்சும், ஆனா அது பத்தாது. இன்னும் சர்வே முடியலன்னா ஆர்த்தோப்ளான்லயே குறைஞ்சபட்ச கார்டு எண்ணிக்கையைக் கூட்டிக் கேளுங்க, கூடவே மூணு நாலு ஹோல்டவுட் கார்டும் வாங்கிடுங்க. ஹோல்டவுட் கார்டை எஸ்டிமேட் பண்ண எடுத்துக்க மாட்டாங்க, அதுக்கு வர்ற கெண்டால்ஸ் டாவ் (மாடல் சொன்ன வரிசையும் நிஜ வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற எண்) நல்லா இருந்தா அப்போ தாராளமா நம்புங்க. டேட்டா எடுத்து முடிச்சாச்சுன்னா யூட்டிலிட்டியை (ஒவ்வொரு லெவலுக்கும் வர்ற விருப்ப மதிப்பை) ரிப்போர்ட்ல போடுங்க, ஃபிட்டை சரிபார்க்க முடியலன்னும் மறைக்காம எழுதிடுங்க.

அடுத்து அந்த 52%. ஒரு ஃபேக்டரோட அதிகபட்ச யூட்டிலிட்டிக்கும் குறைஞ்சதுக்கும் உள்ள இடைவெளியை எல்லா ஃபேக்டரோட இடைவெளிகளையும் கூட்டின தொகையால வகுத்து வர்றது அது, அதையும் எஸ்பிஎஸ்எஸ் ஆளாளுக்குத் தனியா போட்டு அப்புறம்தான் சராசரி எடுக்கும் (சராசரி யூட்டிலிட்டியை வச்சு நீங்களே கையால கணக்கு போட்டா பொதுவா ஒத்து வராது, பயந்துடாதீங்க). ஆக லெவல்களை எவ்வளவு தள்ளித்தள்ளி வச்சீங்கங்கிறதும் இதுல கலந்திருக்கு. விலையில கடைசி லெவல் முதல் லெவலை விட நாலு மடங்கு, பேட்டரியில மூணு லெவலும் கிட்டத்தட்ட ஒன்னுன்னு வச்சா விலை ஜெயிக்காம என்ன பண்ணும்? "நான் கொடுத்த இந்த விலை வரம்புக்குள்ள"ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா சேர்த்துக்கோங்க.

கேள்வி: எனக்கு விலை ஏற ஏற யூட்டிலிட்டியும் ஏறுது. எல்லாருக்கும் காஸ்ட்லிதான் பிடிக்குதா?

பதில்: முதல்ல சின்டாக்ஸை (எஸ்பிஎஸ்எஸ்க்கு எழுதின கட்டளையை) திறந்து பாருங்க. பிடிச்சதுக்கு 1, அடுத்ததுக்கு 2ன்னு ரேங்க் வாங்கிட்டு அங்க ஸ்கோர்னு கொடுத்திருந்தா எல்லா குறியும் தலைகீழாத்தான் வரும், ரேங்க்னு மாத்திட்டு திரும்ப ஓட்டுங்க. பிடிச்ச வரிசையில கார்டு நம்பரை அடிச்சிருந்தா அதுக்கு சீக்வென்ஸ். எல்லாம் சரியா இருந்தும் மாறலன்னா ஒவ்வொருத்தரோட ரிசல்ட்டையும் தனியா பாருங்க, விலை அதிகம்னா தரமும் அதிகம்னு நினைக்கிறவங்க நிஜமாவே இருக்காங்க, அவங்களைத் தூக்கிப் போடாம தனி குரூப்பா பிரிச்சுக் காட்டுங்க.