பாட்டு வாத்தியார் பதில்கள்: டிரான்ஸ்போஸ் பட்டன்ல கை வைக்காதீங்க

கேள்வி: மார்த்தாண்டத்துல வீட்ல வச்சு கீபோர்டு சொல்லிக்குடுக்கேன். சர்ச்ல வாசிச்சுப் பழகுன ஆளு, முறையா படிச்சதில்ல. பிள்ளைங்கள லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துற கிரேடு எக்ஸாமுக்கு அனுப்புதேன், பாஸாவுது. ஆனா எக்ஸாம் முடிஞ்சப்புறம் புதுசா ஒரு சின்னப் பாட்டுகூட வாசிக்கத் தெரியல. என்ன செய்ய சார்?

பதில்: வருஷம் பூரா எக்ஸாம்ல வாசிக்கிற அந்த மூணு பீஸையே (பாட்டையே) அரைச்சா அப்படித்தான் ஆவும் தம்பி. மார்க்கு கணக்கப் பாருங்க. நேர்ல போய் வாசிச்சுக் காட்டுற எக்ஸாம்ல பீஸுக்கு 22 வீதம் மூணுக்கும் 66, ஸ்கேல் மாதிரி விரல் பயிற்சி வர்ற டெக்னிக்கல் வொர்க்குக்கு 14, சைட் ரீடிங் மாதிரி சப்போர்ட்டிங் டெஸ்ட் ரெண்டுக்கும் 10, 10. பாஸுக்கு 60 போதும், அதனால பீஸ உருப்போட்டு ஸ்கேல கொஞ்சம் தேத்திட்டா கரையேறிரலாம், பெத்தவங்களும் சர்டிபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டிருவாங்க. ஆனா டிஸ்டிங்ஷன் 87. பீஸும் டெக்னிக்கலும் ஒரு மார்க்கு குறையாம வாங்குனாலும் 80 தான, மிச்சம் எங்கேருந்து வரும்?

அதனால சைட் ரீடிங்க, அதாவது முன்ன பாக்காத நோட்ட பாத்த உடனே வாசிக்கிறத, கடைசி ரெண்டு வாரத்துல திணிக்காதீங்க. ஒவ்வொரு கிளாஸும் முதல் அஞ்சு நிமிஷம் அதுக்குத்தான். இப்ப படிக்கிற கிரேடுக்கு ரெண்டு படி கீழ உள்ள நோட்டுல நாலு பார் (தாளக் கட்டம்), இதுக்கு முன்ன பாக்காதது, ஒரே தடவ, தப்பு வந்தாலும் நிக்காம போணும். நிறுத்தித் திருத்தணும்னு உங்களுக்கு வாய் பரபரக்கும், அடக்கிக்கிடுங்க.

இன்னொண்ணு, முறையா படிக்கலன்னு குறைபட்டுக்கிடுறீங்க, ஆனா சபையில யாராவது ஒரு சுருதியில பாட்ட எடுத்துட்டா கேட்டுப் பிடிச்சு கூடவே வாசிப்பீங்கல்லா? புஸ்தகம் மட்டும் படிச்ச நெறைய டீச்சருக்கு அது வராது. அதச் சொல்லிக்குடுங்க. பிள்ளைக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ண இந்த வாரம் சி சுருதியில, அடுத்த வாரம் டி-ல, அப்புறம் எஃப்-ல கண்டுபிடிக்கட்டும். சுருதிய தானா மாத்திக் குடுக்குற டிரான்ஸ்போஸ் பட்டன் பக்கம் கை போகப்படாது!

கேள்வி: தக்கலையில வாய்ப்பாட்டு கிளாஸ் எடுக்கேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே பிள்ளைங்க சலிச்சு நின்னுருது. எனக்கும் புதுசா கத்துக்க இங்க ஆளில்ல.

பதில்: ஆளில்லையா? பத்மநாபபுரத்துலேருந்து சரஸ்வதி அம்மன் வருஷா வருஷம் நவராத்திரிக்கு திருவனந்தபுரம் போறது உங்க ஊர் வழியாத்தான! அங்க நவராத்திரி மண்டபத்துல ஒன்பது நாளும் திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் எழுதுன கிருதி (பாட்டு), நாளுக்கு ஒண்ணு, முதல் நாள் சங்கராபரணம் ராகம், ரெண்டாம் நாள் கல்யாணி. கைதட்டக் கிடையாது, பெரிய வித்வான்கள் ஒரே கிருதிய எப்படி விரிக்காங்கன்னு சத்தமில்லாம இருந்து கேக்கலாம். டீச்சருக்கு அதவிட நல்ல டிரெய்னிங் எனக்குத் தெரியல.

கிளாஸுக்கும் அதுலேயே விஷயம் இருக்கு. சரளி வரிசைய வழக்கமா சொல்லிக்குடுக்குற மாயாமாளவகௌளை ராகத்த விட வேண்டாம், அதுல கை வந்த வரிசைய அப்படியே சங்கராபரணத்துல பாடச் சொல்லுங்க, பிறகு கல்யாணியில. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்யமம் (ம ஸ்வரம்) ஒண்ணுதான் மாறுது. கீபோர்டு இருந்தா சி மேஜர் வாசிச்சுட்டு எஃப்-ப எஃப் ஷார்ப்பா மாத்திக் காட்டுங்க, பிள்ளைக்கு கண்ணாலேயே புரிஞ்சிரும். எந்த ராகம்னு சொல்லாம நீங்க பாடி அதுங்கள கண்டுபிடிக்கவும் சொல்லலாம், போட்டின்னா சலிப்பு எங்க வருது.

அப்புறம், பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு ஒரு கிளாஸ போன்ல ரெக்கார்டு பண்ணி ராத்திரி கேளுங்க. பிள்ளை பாடுனது எவ்வளவு நேரம், நீங்க பேசுனது எவ்வளவு நேரம்னு மட்டும் பாருங்க போதும். நம்மள்ல முக்காவாசி பேருக்கு வாய் நீளம்.

கேள்வி: நாகர்கோவில்ல வயலின் சொல்லிக்குடுக்கேன். லீவு போட்டா அந்த கிளாஸுக்குக் காச குறைச்சுக்கிடுறாங்க, கேக்க கூச்சமா இருக்கு.

பதில்: கிளாஸ் கணக்கு வேண்டாம், மாச ஃபீஸ்னு வைங்க, அஞ்சாம் தேதிக்குள்ள அட்வான்ஸா. நீங்க லீவு போட்டா கண்டிப்பா வேற நாள் எடுத்துக் குடுக்கணும், அவங்க போட்டா மாசத்துக்கு ஒண்ணு மட்டும். சேரும்போதே இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க, அப்புறம் வாயால கேக்க வேண்டிய கூச்சம் இல்ல. டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ்னு பாதி பிள்ளை வராது, அந்த மாசத்துக்கு கிளாஸும் ஃபீஸும் எவ்வளவுன்னு நவம்பர்லேயே சொல்லிருங்க.