மினியா, ஏரா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: எனக்கு வயது 34. மாதச் சம்பள வேலை. லீவு கிடைத்தால் பயணம் போய் வீடியோ எடுப்பேன், பெரும்பாலும் ரீல்ஸ்தான். ட்ரோன் வாங்க ஆசை. டிஜேஐ மினி 4 ப்ரோவா, ஏர் 3எஸ்ஸா என்று மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருக்கிறேன். மைத்துனர் ஏர்தான் வாங்கவேண்டும் என்கிறார். விழா வீடியோ ஆர்டர் பிடித்துத் தருவதாகவும், தவணையில் பாதியைத் தானே கட்டுவதாகவும் சொல்கிறார். கடையில் ஏர் காம்போவை முன்பணம் இல்லாமல் 18 மாதத் தவணையில் தருகிறார்கள், பிளாட் வட்டி 12 சதவீதம்தான். கேமரா தவணை இன்னும் 7 மாதமும் லேப்டாப் தவணை 11 மாதமும் பாக்கி. இரண்டையும் சைடு வருமானத்துக்காகத்தான் வாங்கினேன், இன்னும் எதுவும் வரவில்லை. கிரெடிட் கார்டில் ஏறக்குறைய மினி விலை அளவுக்குப் பாக்கி இருக்கிறது, மினிமம் தவறாமல் கட்டிவிடுகிறேன். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. வீட்டில் சரியான பேச்சில்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. எதை வாங்கட்டும்?

பதில்: உங்கள் கடிதம் நீளமானது, சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முக்கால்வாசி சென்சார், ஜூம், பறக்கும் நேரம் பற்றியது. கார்டு பாக்கிக்கு ஒரே ஒரு வரி. தூக்கம் போனது அந்த ஒரு வரியால்தான் என்று நினைக்கிறேன். நல்ல ட்ரோன் எது என்ற குழப்பத்தில் யாருக்கும் தூக்கம் போகாது.

பட்ஜெட் போடுங்கள், அவசரத்துக்குப் பணம் வையுங்கள் என்றெல்லாம் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தெரிந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒரு பழக்கம் உங்களைப் பிடித்திருக்கிறது. ஆசைப்படும் பொருளுக்கு ‘இது தொழிலுக்கு’ என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள். பெயர் மாறியதும் கடன் வாங்குவதில் உறுத்தல் இல்லாமல் போகிறது. கேமரா அப்படி வந்தது, லேப்டாப் அப்படி வந்தது. இப்போது ட்ரோனும் அதே வாசல் வழியாக வரப்பார்க்கிறது. முந்தைய இரண்டும் ஒரு பைசா வருமானம் தராத நிலையில் மூன்றாவது எப்படித் தொழிலாகும்?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். விலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மினி 4 ப்ரோவின் அடிப்படை செட்டை 100 என்று வைத்துக்கொள்கிறேன். வெளிவந்தபோது இருந்த விலை விகிதப்படி ஏர் 3எஸ் அடிப்படை செட் சுமார் 145. திரை வைத்த ரிமோட், கூடுதல் பேட்டரிகள், பை எல்லாம் சேர்ந்த ஏர் காம்போ 205-ஐ ஒட்டி வரும். கவனியுங்கள், மினியா ஏரா என்று ஆரம்பித்த கேள்வி, கடைக்காரரின் தவணைத் திட்டத்துக்குள் போனதும் இரண்டு மடங்கு விலைக்கு வந்து நிற்கிறது. மாதத் தவணையாகப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. தவணை முறையில் விற்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

205-க்கு 12 சதவீத பிளாட் வட்டி, ஒன்றரை வருடம் என்றால் வட்டி மட்டும் சுமார் 37. மொத்தம் 242, மாதம் 13.4. பிளாட் வட்டியில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதமும் முழு 205-க்கே வட்டி கட்டுவீர்கள். குறையும் அசலுக்கு என்று மாற்றிக் கணக்கிட்டால் இது வருடத்துக்கு 21, 22 சதவீதம். ‘12 சதவீதம்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘தான்’ போய்விடட்டும். பிராசஸிங் கட்டணம் தனி. ‘நோ காஸ்ட்’ என்ற பெயரில் வரும் தவணையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: மொத்தப் பணமும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? அந்தத் தள்ளுபடியை நீங்கள் விட்டுக்கொடுப்பதுதான் அங்கே வட்டி.

இப்போது கார்டு. பாக்கி 100. வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம், உங்கள் கார்டில் இதைவிடக் கூடவும் இருக்கலாம். புதிதாக எதுவுமே தேய்க்காமல் ஒரு வருடம் மினிமம் மட்டும் கட்டினால் கையை விட்டுப் போவது சுமார் 55. கடன் குறைவது 23 மட்டும். மீதி 32 வட்டிக்குப் போனது. ‘தவறாமல் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், வங்கிக்கும் அது பிடித்தமான பழக்கம். இதன் மேல் ஏர் தவணையும் ஏறினால் 18 மாதம் கழித்து உங்கள் நிலை என்ன? ட்ரோனுக்கு 242 கட்டியிருப்பீர்கள், கார்டில் இன்னும் 67, 68 நிற்கும்.

இதையே திருப்பிப் போடுங்கள். மைத்துனர் பாதி தந்தாலும் தராவிட்டாலும், ஏருக்காக மாதம் 13.4 தவணையை உங்கள் பெயரில் ஏற்கத் தயாராக இருக்கிறீர்கள். அதையும் இப்போது கட்டும் 5-ஐயும் சேர்த்து மாதம் 18-ஐ கார்டில் போட்டால் ஏழாவது மாதத்துக்குள் பாக்கி தீர்ந்துவிடும். கேமரா தவணையும் அதே சமயத்தில் முடிகிறது. அதன்பின் அந்த 18-ஐ அப்படியே சேர்த்தால் ஆறு மாதத்தில் 100 தாண்டும். ஆக, சுமார் ஒரு வருடத்தில், ஒரு தவணையும் இல்லாமல், முழுப் பணம் கொடுத்து ஒரு மினி வாங்கலாம். லேப்டாப் தவணையும் அதற்குள் முடிந்திருக்கும். கார்டு வட்டி உண்மையில் இன்னும் அதிகமாக இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒரு வருடமா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தச் சந்தையில் காத்திருப்பவருக்கு நஷ்டம் வருவது அபூர்வம். ஏரில் உங்களை இழுப்பது கேமராவுக்குள் படம் பதிவாகும் அந்த 1 இன்ச் சென்சார்தான், இல்லையா? ஏர் 3எஸ் 2024 அக்டோபரில் வந்தது. 2025 செப்டம்பரில் வந்த மினி 5 ப்ரோவில் அதே 1 இன்ச் அளவு சென்சார் இருக்கிறது. பெரிய ட்ரோனின் பெருமை சின்ன ட்ரோனுக்கு இறங்கிவர ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏர் வெளிவந்த வாரத்தில் 18 மாதத் தவணையில் வாங்கியவருக்கு அப்போது இன்னும் ஆறேழு தவணை பாக்கி இருந்திருக்கும். புது மாடல் வந்ததும் பழையதன் கைமாற்று விலை இறங்கும். தவணை இறங்காது.

இனி உங்கள் நிஜக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு மினி போதும் என்பது என் கருத்து, விலைக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் எடுப்பது ரீல்ஸ். மினி 4 ப்ரோவில் கேமரா, அதை ஆடாமல் தாங்கும் கிம்பலோடு 90 டிகிரி திரும்பி நிற்கும், சென்சார் முழுவதும் செங்குத்துப் படத்துக்குக் கிடைக்கும். ஏர் 3எஸ்ஸில் கேமரா அப்படித் திரும்பாது. கிடைமட்டமாக எடுத்ததன் நடுப்பகுதியை வெட்டித்தான் செங்குத்தாகக் கொடுக்கும். பெரிய சென்சாருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டி எறிவதில் அர்த்தமில்லை.

ஏரின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 70 மில்லிமீட்டர் லென்ஸ் தூரத்து மலையையும் கட்டடத்தையும் அருகில் கொண்டுவரும், மினியில் அது கிடையாது. இருட்டில் 1 இன்ச் சென்சார் நிச்சயம் சுத்தமான படம் தரும். முன்பக்கம் உள்ள லைடார் என்ற லேசர் உணரி, வெளிச்சம் குறைந்த நேரத்தில் எதிரே இருக்கும் தடையைக் கண்டுபிடிக்கும். உள்ளேயே 42 ஜிபி நினைவகம் இருக்கிறது, மினியில் 2 ஜிபிதான். காற்றையும் ஏர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்: நிறுவனக் கணக்கில் நொடிக்கு 12 மீட்டர், மினிக்கு 10.7. மாலையிலும் இரவிலும் எடுத்துப் பணம் வாங்குபவருக்கு இவை தேவை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வேலைகூட இல்லை.

பறக்கும் நேரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஏருக்கு 45 நிமிடம், மினிக்கு 34 என்று போட்டிருப்பது காற்றில்லாமல் சோதித்த கணக்கு. கால்வாசி பேட்டரி மிச்சமிருக்கும்போதே திரும்ப வேண்டும், எதிர்காற்று இருந்தால் இன்னும் முன்னால். கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கினால் மினியில் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஆனால் ‘பிளஸ்’ என்ற பெரிய பேட்டரி போட்டால் 45 நிமிடம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நிதானியுங்கள். மினியின் எடை 249 கிராமாக இருப்பது தற்செயல் அல்ல. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என்று பல இடங்களில் 250 கிராமுக்குக் கீழே விதிகள் இலகுவாக இருக்கின்றன. பிளஸ் பேட்டரி போட்ட நிமிடமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். 724 கிராம் ஏருக்கு அந்தச் சலுகை ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அதற்காக 249 கிராம் என்றால் எதுவும் தேவையில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா இருந்தால் சின்ன ட்ரோனுக்கும் இயக்குபவர் பதிவு செய்யவேண்டும். அமெரிக்காவில் பணம் வாங்கிப் பறக்கவிட்டால் எடை எவ்வளவு குறைவானாலும் வணிக உரிமம் கட்டாயம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மைத்துனர் விஷயத்துக்கு அந்தக் கடைசி விதியே போதும். விழாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் அது பொழுதுபோக்கு ஆகாது. பல நாடுகளில் உரிமம் கேட்பார்கள், மூன்றாம் நபர் காப்பீடும் கேட்கலாம். கூட்டத்துக்கு மேல் பறப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. முக்கால் கிலோ எடையுள்ள பொருள் நாலு ப்ரொப்பல்லர் சுழலச் சுழல ஒரு குழந்தையின் மேல் விழுந்தால் யாரைத் தேடி வருவார்கள்? ட்ரோன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரை. கடன் பத்திரமும் அதே பெயரில்தான். மைத்துனர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதித் தவணை தருவேன் என்பதை மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மூன்றாவது மாதம் அவர் கையில் பணம் இல்லையென்றால் உங்களால் கேட்க முடியுமா? மனைவியின் தம்பியிடம் மாதாமாதம் பணம் கேட்கும் நிலை வந்தால், வீட்டில் இப்போது இருக்கும் இறுக்கம் இரண்டு மடங்காகும். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘தம்பி, முதலில் இரண்டு ஆர்டர் பிடி, அட்வான்ஸ் வாங்கு. அந்தப் பணத்தில் உரிமம் உள்ள ஆபரேட்டரை ஏர் ட்ரோனோடு அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்போம். நாலைந்து ஆர்டர் இப்படி ஓடட்டும், பிறகு சொந்தமாக வாங்குவதைப் பேசலாம், பாதிப் பணத்தை நீ முன்னாலேயே போடு.’ அவருக்கு ஆர்டர் பிடிக்கும் திறமை இருந்தால் அது கடன் இல்லாமலே தெரிந்துவிடும்.

இன்றிரவே இந்தத் தாளை மனைவியிடம் காட்டுங்கள். அவர் தடுத்தது உங்கள் ஆசையை அல்ல, நான்காவது கடனைத்தான் என்று எனக்குப் படுகிறது. கார்டு தீர்வதற்கு ஒரு தேதி குறித்து, ட்ரோனுக்கும் ஒரு தேதி குறித்தால் அவரே உங்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பிக்கலாம். வங்கியைக் கூப்பிட்டு, கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே நாளில் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மாற்றியதும் காலியான வரம்பைப் பார்த்துத் திரும்பத் தேய்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் சேர்ந்தபின் புது மினி 5 ப்ரோவா, விலை இறங்கிய மினி 4 ப்ரோவா என்று பாருங்கள். எதுவானாலும் அடிப்படை செட்டும் ஒரு கூடுதல் பேட்டரியும் போதும், காம்போ வேண்டாம். சும்மா கிடக்கும் லித்தியம் பேட்டரிக்கும் வயதாகும். உடைந்தால் மாற்று ட்ரோன் தரும் சேத மாற்றுத் திட்டம் எடுப்பதானால் ட்ரோன் வாங்கும்போதே எடுங்கள், ஒவ்வொரு மாற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். பழையது வாங்குவதாக இருந்தால் உங்கள் முன்னாலேயே பறக்கவிடச் சொல்லுங்கள். ஆப்பில் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தாலும் வேண்டாம். கிம்பல் நடுங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் தன் டிஜேஐ கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்துக் காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.