கேம் ஆடாதவங்க கேட்கிறாங்க: ஒரு கேம் டெஸ்டரின் கேள்வி பதில்

நான் 15 வருஷமா கேம் டெஸ்டிங் வேலையில இருக்கேன். வீட்ல கேம் ஆடுற பிள்ளைங்களைப் பத்தி, கேமே ஆடாத பெரியவங்க என்ன வேணும்னாலும் கேட்கலாம்னு சொல்லியிருந்தேன். வந்த வரிசையில பதில் தர்றேன். எந்த போன் வாங்கலாம்னு மட்டும் கேட்காதீங்க, அது என் துறை இல்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 14 வயசு. சாப்பிடக் கூப்பிட்டா "ஒரு நிமிஷம்மா"ங்கிறான், இருபது நிமிஷம் ஆகுது. நிறுத்தி வெச்சுட்டு வாடான்னா முடியாதுங்கிறான். பொய்தானே சொல்றான்?

பொய் இல்லைங்கம்மா. உங்க காலத்துல டிவியில கேசட் போட்டு மரியோ, கான்ட்ரா ஆடினதைப் பார்த்திருப்பீங்க. அதுல ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா எல்லாம் அப்படியே நிக்கும். உங்க பையன் ஆடுறது பிஜிஎம்ஐங்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்னா அங்க அந்த பட்டனே கிடையாது. ஒரு மேப்ல 100 பேர் வரைக்கும் ஒரே நேரத்துல ஆடுறாங்க. உங்க பையனுக்காக மத்தவங்களை நிறுத்தி வைக்க முடியாது.

நாலு பேர் ஒரு ஸ்க்வாட். ஒருத்தன் அடிபட்டு நாக் ஆயிட்டான்னு வைங்க, தரையில தவழ்ந்துட்டே "வாடா, ரிவைவ் குடுடா"ன்னு ஹெட்போன்ல கத்துவான். இன்னொருத்தன் பக்கத்துல உட்கார்ந்து சில வினாடி அசையாம இருந்தாத்தான் அவன் எழுந்திருப்பான். சரியா அந்த நேரத்துல நீங்க அடுப்படியிலிருந்து கூப்பிடுறீங்க. உங்க காதுல விழுறது "ஒரு நிமிஷம்மா" மட்டும்தான். அந்தப் பக்கம் கூப்பிடுற இன்னொரு பையன் குரல் உங்களுக்குக் கேட்காது.

ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை போகும். அதனால தோசைக்கல்லை வைக்கும்போதே போய், "இந்த மேட்ச் முடிஞ்சதும் வந்துடணும், அடுத்ததை ஆரம்பிக்கக் கூடாது"ன்னு சொல்லுங்க. மேட்ச் முடிஞ்சு லாபிக்கு, அதாவது அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கிற திரைக்கு, வந்தப்புறமும் எழுந்து வரலைன்னா, அப்ப திட்டுங்க, அது நியாயம். தனியா ஆடுற கேம்னா பெரும்பாலும் எப்ப வேணும்னாலும் நிறுத்தி வைக்கலாம். எதை ஆடுறான்னு முதல்ல கேட்டுக்கங்க.

மதுரையிலிருந்து ஒரு அப்பா: நாள் முழுக்கச் சுடுறான், குத்துறான். நாளைக்கு நிஜத்துலயும் கை நீட்ட மாட்டானா?

இந்தப் பயத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஆனா ஆராய்ச்சி உங்க பக்கம் நிக்கலை. 2019ல ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 14, 15 வயசுள்ள 1,004 பிரிட்டன் பிள்ளைங்களையும் அவங்க பெத்தவங்களையும் கேட்டுப் பார்த்தாங்க. வன்முறை கேம் ஆடுறதுக்கும் பிள்ளைங்க முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியலை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020ல, நிஜ வன்முறையை கேம் மேல சுமத்தப் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. கத்துறது, தள்ளிவிடுறது மாதிரி சின்னச் சின்ன விளைவுகளோட தொடர்பு இருக்குன்னும் அதே சங்கம் சொல்லுது. அதையும் மறைக்காம சொல்லணும்.

நீங்க நிஜமா பார்க்க வேண்டியது வயசு எண்ணை. ஜிடிஏன்னு குற்றக் கும்பல் கதை கேம் ஒண்ணு இருக்கு, அது மேல 18ன்னு போட்டிருக்கும். அது பெரியவங்களுக்கான கதை. பத்து வயசுப் பையன் கையில அதைக் கொடுத்துட்டு என்கிட்ட வந்து கேமைக் குறை சொல்லாதீங்க.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, கேம் ஆடிட்டே சம்பளம் வாங்குறீங்க. கொடுத்து வெச்சவங்க.

தம்பி, போன மாசம் ஒரே கதவை இருநூறு தடவைக்கு மேல திறந்து மூடினேன். நடந்து, ஓடி, குதிச்சு, கையில பொருளோட, பொருள் இல்லாம. எந்த நிலைமையில ஆள் கதவுக்குள்ள சிக்கிக்கிறான்னு கண்டுபிடிச்சு எழுதிக் கொடுக்கணும். எனக்கு இந்த வேலை உயிர். ஆனா இது ஆடுறது இல்லை.

நெல்லையிலிருந்து ஒரு ஆசிரியை: என் வகுப்புல பாதிப் பேர் கேமுக்கு அடிமை. பெற்றோர்கிட்ட என்ன சொல்ல?

டீச்சர், "அடிமை"ங்கிற சொல்லை மட்டும் கொஞ்சம் பார்த்து எடுங்க. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு'ன்னு ஒண்ணை நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில இருக்கு. அதுல இத்தனை மணி நேரம்னு ஒரு கணக்கே இல்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமப் போகணும். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாத்தையும் தாண்டி அது முன்னால வந்து நிக்கணும். வாழ்க்கை கெட்டுப்போறது கண்ணுக்குத் தெரிஞ்சும் தொடரணும். இது பொதுவா 12 மாசமாவது நீடிச்சிருக்கணும். உங்க வகுப்புல பாதிப் பேருக்கு இது இருக்க வழியில்லை. ஒருத்தனுக்கு இருக்கலாம். அந்த ஒருத்தன் பாதிப் பேருக்குள்ள மறைஞ்சு போயிடுவான், அதுதான் என் கவலை. அவனோட பெத்தவங்களை டாக்டர்கிட்ட அனுப்புங்க. 14416ல டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் இருக்கு, இலவசமா தமிழ்லயே பேசலாம்.

திருவள்ளூரிலிருந்து ஒரு அப்பா: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?

டீச்சருக்குச் சொன்ன பதில்தான். மணிக்கணக்கைப் பார்க்கிறதை விட, தூக்கமும் படிப்பும் கெடுதான்னு பாருங்க.

கோவையிலிருந்து ஒருத்தர்: கேமுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்க. ஆன்லைன் ரம்மியும் கேம்தானே? எத்தனை குடும்பம் அழிஞ்சிருக்கு!

சார், இதுக்காகத்தான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன். "ஆன்லைன் கேமில் பணம் இழந்தவர் தற்கொலை"ன்னு செய்தி போடுறாங்க. உள்ள படிச்சா ரம்மி. மறுநாள் காலையில, பைசா செலவில்லாம வீடு கட்டுற கேம் ஆடிட்டிருக்கிற பத்து வயசுப் பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குறாங்க. தமிழ்ல விளையாட்டுன்னு ஒரு சொல், சூதாட்டம்னு இன்னொரு சொல் இருக்கு. ரெண்டையும் 'கேம்'ங்கிற ஒரே பையில போட்டது விளம்பரக்காரங்க வேலை. நாமளும் அதையே சொல்லிட்டுத் திரியறோம்.

அதே கோவைக்காரர்: ரம்மி திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே?

சொல்லியிருக்கு. தமிழ்நாடு அரசு 2022ல கொண்டுவந்த தடைச் சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுங்களுக்கு அந்தத் தடை பொருந்தாதுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல நிறைவேறின சட்டம் அந்த வாதத்தையே ஓரமா வெச்சுட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடினா தடைன்னு எழுதுச்சு. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டிகளை, தனியா அங்கீகரிக்குது. நான் சொல்ற பிரிவினையும் இதேதான். திறமை இருக்கான்னு கேட்காதீங்க. தோத்தா பாக்கெட்டிலிருந்து பணம் போகுதா, அதைக் கேளுங்க.

காஞ்சிபுரத்திலிருந்து ஒருத்தர் (நடுவில் வந்து): அப்ப பிள்ளைங்க கேமுக்குள்ள கிரேட்ங்கிற பரிசுப் பெட்டியைத் திறக்கிறோம்னு காசு கட்டுறாங்களே, அது என்ன? உள்ள என்ன வரும்னு தெரியாமத்தானே கட்டுறான்?

சரியான இடத்துல பிடிச்சீங்க. இதை நான் மறுக்கவே மாட்டேன். எங்க தொழிலோட அழுக்கு அது. என்ன வரும்னு தெரியாத பெட்டிக்குக் காசு வாங்குறது சூதாட்டத்தோட பங்காளிதான். பெல்ஜியம் 2018லயே காசு கட்டித் திறக்கிற அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம்னு சொல்லி நிறுத்தச் சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா இங்கயும் நிறுத்தணும்.

எல்லாருக்கும் சொல்றேன்: யூபிஐ பின்னைப் பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க. ப்ளே ஸ்டோர்ல கார்டைச் சேமிச்சு வைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி மாத்துங்க.

அதே கோவைக்காரர்: சரி, பிரிவினையை ஒத்துக்கிறேன். ஆனாலும் எனக்குப் பயம் போகலை.

போக வேண்டாம் சார். பயம் சரியான பக்கம் திரும்பினா எனக்கு அதுவே போதும்.

புதுச்சேரியிலிருந்து ஒரு தாத்தா: பேரன் ஆடுறதில்லை, வேற எவனோ ஆடுறதை உட்கார்ந்து பார்க்கிறான். இது என்னப்பா கூத்து?

ஐயா, நீங்க கிரிக்கெட் பார்க்கிறீங்க இல்லையா, அதேதான்.

சென்னையிலிருந்து ஒரு பெண், வயது 34: ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் ஸ்டார்டியூ வேலி ஆடுவேன். மாமியார், "சின்னப் பசங்க ஆடுறதை நீ ஆடுறியே"ங்கிறாங்க.

அந்த கேமை உருவாக்கினவர் எரிக் பரோன்ங்கிற ஒரே ஆள். படம், இசை, எழுத்து, நிரல் எல்லாத்தையும் நாலு வருஷத்துக்கு மேல தனியா உட்கார்ந்து செஞ்சு 2016ல வெளியிட்டார். நிலத்தைக் கொத்தி, விதைச்சு, தண்ணி ஊத்தி, மழை வந்தா இன்னிக்குத் தண்ணி ஊத்த வேண்டாம்னு சந்தோஷப்படுற ஆட்டம். மாமியார் கையில ஒரு நாள் கொடுத்துப் பாருங்க தங்கச்சி. எந்தப் பருவத்துல எதைப் போடணும்னு அவங்க உங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுடுவாங்க.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: நிறுத்திட்டு வாடான்னா வர மாட்டேங்கிறான்...

முதல் பதிலைப் படிங்கம்மா. இதே கேள்வி இது ஆறாவது. மத்த அஞ்சையும் எடுத்துட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு நடக்க முடியாது. பகல் முழுக்க கேம்தான். வீட்டுக்கு ஒரு நண்பன் வந்ததில்லை. முகம் தெரியாதவங்களோட பேசுறதெல்லாம் நட்பாகுமா?

ஐயா, நார்வேயில மாட்ஸ் ஸ்டீன்னு ஒரு இளைஞர் இருந்தார். தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம்ல இபெலின்ங்கிற பேர்ல ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடினார். 2014ல, 25 வயசுல இறந்துட்டார். நட்பு, காதல் எதையும் அறியாமலே மகன் போயிட்டானேன்னுதான் பெத்தவங்களுக்கு மனசு ஆறலை. அவர் எழுதிட்டிருந்த வலைப்பூவுல அப்பா இறப்புச் செய்தியைப் போட்டார். அதுக்கப்புறம் யார் யாரோ மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பிச்சாங்க. எங்க சோகத்துல கூட இருந்தான், எங்க பிள்ளையோட நான் பேச வழி சொன்னான்னு பக்கம் பக்கமா எழுதினாங்க. வேற நாடுகள்லயிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்னாங்க. மகன் யாரோட பழகினான்னு அந்த அப்பாவுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

உங்க மகன் பக்கத்துல இருக்கார். இன்னிக்கே போய், "யாரோடப்பா ஆடுற, அவங்க பேர் என்ன?"ன்னு கேளுங்க. முகம் தெரியாதவங்கன்னா எச்சரிக்கையும் வேணும். வீட்டு முகவரி, போட்டோ, பணம் மூணையும் கொடுக்கக் கூடாதுன்னு அப்பவே சொல்லிடுங்க.

விழுப்புரத்திலிருந்து ஒரு அம்மா: கோபத்துல நேத்து கேமை அழிச்சுட்டேன். மூணு வருஷமா சேர்த்ததுன்னு சொல்லி அழறான், ரெண்டு வேளையா சாப்பிடலை. என்ன பண்ண?

இதைச் செய்யாதீங்கன்னு எத்தனையோ வீட்ல சொல்லியிருக்கேன். நடந்தது நடந்துடுச்சு. போனிலிருந்து கேமை மட்டும் எடுத்திருந்தா ஒண்ணும் போகலை. திரும்ப இறக்கி, பழைய கூகுள் இல்லன்னா ஃபேஸ்புக் கணக்குல நுழைஞ்சா எல்லாம் இருக்கும். எந்தக் கணக்கோடவும் இணைக்காம ஆடுற கெஸ்ட் கணக்குன்னா திரும்பக் கிடைக்கிறது சிரமம். கணக்கையே அழிக்கச் சொல்லி கேம் கம்பெனிகிட்ட கேட்டிருந்தா, பல கேம்கள்ல சில நாள் அவகாசம் இருக்கும், அதுக்குள்ள உள்ள நுழைஞ்சு ரத்து பண்ணலாம். நாளைக்குத் தள்ளாதீங்கம்மா. இன்னிக்கு ராத்திரியே உட்காருங்க, அவனையும் கூட உட்கார வெச்சுக்கங்க. பாஸ்வேர்ட் அவனுக்குத்தான் தெரியும்.