இந்தியாவில் ஹெராயின், ஊசிப் போதை போன்றவற்றைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்த எண்களை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு எண்களைக் கொடுத்து, எது சரி என்று கேட்டிருக்கிறார். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் நாடு முழுவதும் 1.77 லட்சம் பேர் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறார், 8.5 லட்சம் பேர் என்று இன்னோரிடத்தில் படித்திருக்கிறார். இரண்டுமே அரசுத் தரப்பிலிருந்து வந்தவை. சென்னைக்கு மட்டும் தனியாக ஓர் எண் உண்டா என்பது அவருடைய துணைக்கேள்வி. சென்னையில் சுகாதாரக் கணக்கெடுப்புகளின் தரவைச் சரிபார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் எண் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பினுடையது. 2008-09 காலத்தில் களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, ஊசி போடுபவர்கள் கூடும் இடங்களை விசாரித்து, ஒவ்வோர் இடத்திலும் சுமார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று குறித்துத் தொகுத்த கணக்கு அது. எந்த நகரத்துக்கு எத்தனை சுத்தமான ஊசிகளையும் எத்தனை பணியாளர்களையும் அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பதே அதன் நோக்கம் என்பதால், பாலத்தடியிலும் தண்டவாள ஓரத்திலும் கண்ணில் படுகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள்; வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்கிறவர் வரமாட்டார். இரண்டாவது எண், சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. கண்ணில் படாதவர்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட முயன்றது இந்த ஆய்வு. ஆகவே முதல் எண்ணைச் சேவை சென்றடையக்கூடியவர்களின் கணக்காகவும், இரண்டாவதை மொத்தத்தின் மதிப்பீடாகவும் படிக்க வேண்டும். ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்று ஆகாது.

இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் இருந்த வேலை பெரியது. 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குச் சென்று, 10 முதல் 75 வயது வரையிலான 4,73,569 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். அத்துடன் நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில், சட்டவிரோதப் போதைப்பொருளைச் சார்ந்து வாழும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தனியாகத் தேடிப் பேட்டி கண்டிருக்கிறார்கள். அதன்படி, ஹெராயின், அபின், மருந்துக்கடை வலி நிவாரணிகள் ஆகியவை அடங்கிய ஓபியாய்டு வகையை ஓராண்டுக்குள் ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் சுமார் 2.1 சதவீதம், அதாவது 2.26 கோடிப் பேர். ஹெராயின் மட்டும் 1.14 சதவீதம். கொக்கைன் 0.10 சதவீதம்.

இவ்வளவு வீடுகளுக்குப் போன பிறகும் இன்னொரு ஆய்வு எதற்கு என்ற கேள்வி எழும். மதுவைக் கணக்கிட வீட்டுக் கணக்கெடுப்பு ஓரளவு போதும், ஹெராயினுக்குப் போதாது. இதைப் பயன்படுத்துவோரில் கணிசமானவர்கள் நடைபாதையிலோ, மேன்ஷன் அறையிலோ, சிறையிலோ, மறுவாழ்வு மையத்திலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பவரும், பக்கத்து அறையில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது, கையில் படிவத்துடன் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் இதை ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. இந்த இரண்டு குறைகளும் எண்ணைக் குறைத்துக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணைக் கூட்டிக் காட்டும் ஒரு பிழையும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பத்தாயிரம் பேரிடம் கேட்கிறோம், அவர்களில் உண்மையாகவே கொக்கைன் பயன்படுத்தியவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்து பேர் மறைத்துவிடுகிறார்கள். மீதியுள்ள 9,990 பேரில் வெறும் இருபது பேர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டோ, விளையாட்டாகவோ, படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் விழுந்ததாலோ 'ஆம்' என்று பதிவாகிவிடுகிறார்கள். ஆய்வு இருபத்தைந்து பேர் என்று சொல்லும். அது உண்மையைப்போல இரண்டரை மடங்கு, அதிலும் ஐந்தில் நான்கு பேர் பொய்யான பதிவுகள். அரிதான ஒரு பழக்கத்தை நேரடிக் கேள்வியால் அளக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். தரவைச் சரிபார்க்கிறவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

சென்னைக்காரனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் களப்பணியாளர் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடி வளாகங்களில் வாட்ச்மேன், சங்கச் செயலாளர், இன்டர்காம் ஆகிய மூன்று தடைகளையும் தாண்டினால்தான் ஒரு வீட்டுக்குப் போக முடியும், பல சமயம் போகவே முடியாது. போதை என்றாலே வட சென்னை என்று பேசும் வழக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதவு திறக்காததன் விளைவு என்று பிரித்துப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் நீண்டநாள் எரிச்சல்.

நேரடியாகக் கேட்டுப் பயனில்லை என்பதால்தான் மறைமுக முறைகள் வந்தன. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997-இல் முன்வைத்த சங்கிலி முறையில், முதலில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேட்டி எடுத்து, அவர்களிடம் பெரும்பாலும் மூன்று டோக்கன்கள் வரை கொடுத்து, தமக்குத் தெரிந்த, இதே பழக்கமுள்ளவர்களை அனுப்பச் சொல்வார்கள். வருபவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு. நிறைய நண்பர்கள் உள்ளவரிடம் டோக்கன் வந்து சேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு, அதற்கேற்ப அவருடைய பதிலுக்குக் கணக்கில் தரும் மதிப்பைக் குறைத்தோ கூட்டியோ கணக்கிடுகிறார்கள். காசு கிடைக்கிறது என்பதற்காக ஒருவரே வேறு பெயரில் மறுபடி வருவதும், பழக்கமே இல்லாதவர் வருவதும் நடக்கும். முதலாவதைத் தடுக்க விரல்ரேகையைக் குறியீடாக மாற்றிச் சரிபார்க்கலாம், இரண்டாவதற்கு அனுபவமுள்ள பேட்டியாளர் தேவை. ஆனால் இதைவிடப் பெரிய குறை, சங்கிலி தாண்டாத இடைவெளிகள் இருப்பது. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியிடமிருந்து புறப்படும் டோக்கன், ஈசிஆர் பண்ணை வீட்டு விருந்தில் மாத்திரை விழுங்கும் இளைஞரிடம் எத்தனை சுற்றுப் போனாலும் போய்ச் சேராது.

சங்கிலி முறை தானாக ஒரு மொத்த எண்ணைத் தந்துவிடாது. அதற்குப் பெருக்கு முறை வேண்டும். ஒரு நகரத்தில் ஓராண்டில் 2,000 பேர் சிகிச்சை மையங்களில் பதிவாகியிருக்கிறார்கள் என்று பதிவேடு சொல்கிறது. தெருவில் பேட்டி கண்டவர்களில் பத்து சதவீதத்தினர் அந்த ஆண்டில் சிகிச்சைக்குப் போனதாகச் சொல்கிறார்கள் என்றால், மொத்தம் 20,000 பேர். அதே பத்து, ஐந்து சதவீதம் என்று வந்திருந்தால் மொத்தம் 40,000 ஆகிவிடும். ஒரு சிறிய விகிதத்தில் ஏற்படும் சிறிய தடுமாற்றம் விடையை இரட்டிப்பாக்கும் என்பதைச் செய்தித்தாளில் ஒற்றை எண்ணைப் படிக்கிறவர் உணர வாய்ப்பில்லை. பதிவேடு என்று சொன்னேனே, அதுவும் நம் ஊரில் பாதிதான். பல தனியார் மறுவாழ்வு மையங்களில் யார் வந்தார், யார் போனார் என்ற கணக்கு வெளியே வருவதில்லை.

டென்மார்க்கின் மீன்வள உயிரியலாளர் பீட்டர்சன் 1896-இல் மீன்களை அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்த வழியிலிருந்து வளர்ந்தது மூன்றாவது முறை. சிகிச்சைப் பட்டியலில் 400 பேர், காவல்துறைப் பட்டியலில் 300 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 40 பேர் என்றால், நானூற்றை முந்நூறால் பெருக்கி நாற்பதால் வகுத்து மொத்தம் 3,000 என்று மதிப்பிடலாம். இங்கிலாந்தில் ஓபியேட்டும் (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதை) கிராக் கொக்கைனும் (புகைக்கும் வகைக் கொக்கைன்) பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை இத்தகைய பட்டியல்களை இணைத்துத்தான் மதிப்பிட்டார்கள்; 2016-17-க்கு அது சுமார் 3.14 லட்சம். இந்த முறை சரியாக வேலை செய்ய, ஒரு பட்டியலில் இருப்பது மற்றொன்றில் இருப்பதைப் பாதிக்கக் கூடாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க வழி வைத்திருக்கிறது. ஒரு வழக்கறிஞர் அந்தப் பாதையைக் காட்டியதும் காவல்துறைப் பட்டியலில் இருப்பவர் சிகிச்சைப் பட்டியலிலும் வந்துவிடுவார்; இரு பட்டியல்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும், மொத்த எண் குறைவாக வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மருத்துவமனையில் எஸ்.குமார் என்று பதிவாகும் ஒருவர், காவல்நிலையத்தில் ஒரு பட்டப்பெயரோடும் தந்தை பெயரோடும் பதிவாகியிருப்பார். முகவரி மாறியிருக்கும், வயது தோராயமாக எழுதப்பட்டிருக்கும், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாக விழுந்திருக்கும். இருவரும் ஒருவரே என்று கண்டுபிடிக்கத் தவறிய ஒவ்வொரு முறையும் வகுக்கும் எண் சிறுத்து, மொத்தம் ஊதிப்போகும். நாற்பதுக்குப் பதிலாக இருபது பேரை மட்டும் அடையாளம் கண்டால் 3,000 என்பது 6,000. இங்கிலாந்தின் சூத்திரத்தை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பறிமுதல் கணக்கை வைத்துப் பயன்பாட்டை ஊகிப்பதை நான் ஏற்பதில்லை. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அது குஜராத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. இலங்கைக்குப் போகிற வழியில் நம் கடற்கரையில் பிடிபடும் சரக்குக்கும் இது பொருந்தும்.

கழிவுநீரைச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இத்தாலியில் 2005-இல் போ நதி நீரில் கொக்கைனின் சிதைபொருளை அளந்து, நாளொன்றுக்கு சுமார் 4 கிலோ கொக்கைனுக்கு இணையான அளவு ஓடுகிறது என்று கண்டார்கள். அழகான முறைதான். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் சென்னையின் கழிவுநீர் முழுவதும் அங்கே போவதில்லை. கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போவது போகத்தான் மிச்சம். தவிர, ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறுகிறது. மருத்துவமனையில் கொடுக்கும் மார்ஃபினும், இருமல் மருந்திலுள்ள கோடீனும் அதே தடயத்தை விடும். கழிவுநீர் எத்தனை கிராம் என்று சொல்லும். தினமும் போடும் நூறு பேரா, எப்போதாவது போடும் ஆயிரம் பேரா என்று சொல்லாது. சரக்கின் பெரும்பகுதியைத் தீர்ப்பவர்கள் தினசரிப் பயனாளர்களான ஒரு சிறு கூட்டத்தினர் என்பதால், இந்த வித்தியாசம் சிகிச்சைத் திட்டத்துக்கு மிக முக்கியம்.

எத்தனை பேர் என்பதைவிட, எப்படிப்பட்டவர்கள் என்பதே கடினமான கேள்வி என்று நான் கருதுகிறேன். எண்ணிக்கையில் பிழை இருந்தால் மேலும் கீழும் ஒரு வரம்பு போட்டுக் காட்டலாம். குணாதிசயத்தில் பிழை இருந்தால் அது வெளியே தெரியவே தெரியாது. காவல்துறைப் பட்டியலைப் பார்த்தால் பயனாளர் என்பவர் தெருவில் நிற்கும் இளைஞர். தனியார் மருத்துவமனைப் பட்டியலைப் பார்த்தால் அவர் கட்டணம் செலுத்தக் குடும்பம் உள்ளவர். எய்ட்ஸ் தடுப்புத் திட்டப் பட்டியலில் எல்லோரும் ஊசி போடுகிறவர்கள். மூன்றிலும் பெண்கள் அரிது. ஆண்கள் ஆண்களுக்கே டோக்கன் கொடுப்பதால் சங்கிலி முறையிலும் பெண்கள் வருவதில்லை. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் சிகிச்சைக்கும் வருவதில்லை. மதுவிலேயே ஒரு பெண்ணுக்கு 17 ஆண்கள் என்று 2019 ஆய்வு சொல்கிறது. ஹெராயினில் பெண்கள் குறைவு என்பதை நானும் நம்புகிறேன், ஆனால் அறிக்கைகள் காட்டும் அளவுக்குக் குறைவு என்று நம்பவில்லை.

2004-இல் வெளியான முதல் தேசிய ஆய்வு ஓபியேட் பயன்பாடு 0.7 சதவீதம் என்றது, 2019-இல் 2.1 சதவீதம், ஆகவே மூன்று மடங்கு கூடிவிட்டது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். முதல் ஆய்வு 12 முதல் 60 வயது வரையிலான ஆண்களிடம் மட்டும், கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டது. இரண்டாவது, இருபாலரிடமும் கடந்த ஓராண்டைப் பற்றிக் கேட்டது. கூடியிருக்கலாம், இந்த இரண்டு எண்களைக் கழித்து எவ்வளவு என்று சொல்ல முடியாது.

சென்னைக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பின் 46 லட்சம் மக்கள்தொகையை 2.1 சதவீதத்தால் பெருக்கி, சென்னையில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஓபியாய்டு பயனாளர்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தேசிய சராசரியை உயர்த்துவது மிசோரம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், சிக்கிம், மணிப்பூர் ஆகிய வடகிழக்கு மாநிலங்களும், பஞ்சாப், ஹரியானா, டெல்லியும். அந்தச் சராசரியை நம் தலையில் ஏற்றுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. 2019 ஆய்வு மாநில அளவில் பேசுவதற்காக வடிவமைக்கப்பட்டது, ஒரு நகரத்துக்காக அல்ல. சென்னைக்கென்று ஓர் எண் வேண்டுமானால், அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், புழல் சிறையின் மருத்துவப் பதிவு, ஊசிப் பரிமாற்றத் திட்டங்கள் ஆகிய மூன்று பட்டியல்களையும் பெயர் நீக்கிய ஒரே குறியீட்டால் இணைத்து, அதோடு மாநகரத்துக்குள் ஒரு சங்கிலி ஆய்வையும் நடத்த வேண்டும். அந்தக் குறியீடு ஒருபோதும் காவல்துறையின் கைக்குப் போகாது என்ற எழுத்துப்பூர்வ உத்தரவாதம் முதலில் வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே ஊசித் திட்டத்துக்கு ஆள் வருவது நின்றுவிடும்.